கத்திக்கு முன் கல்

அவியலுக்குக் காய் நறுக்க உட்காரும்போதுதான் ஒரு சமையலறைக் கத்தியின் யோக்கியதை வெளியே வரும். சேனைக்கிழங்கு கட்டை மாதிரி எதிர்த்து நிற்கும். வாழைக்காய் கறை விடும். முருங்கைக்காயின் தோலில் கத்தி வழுக்கும். வழுக்காமல் இறங்கினால் நாரில் மாட்டும். தடியங்காய் நீர் விட்டுக்கொண்டே கையை விட்டு நழுவும். இத்தனை குணமுள்ள காய்களும் விரல் நீளத்தில், ஏறக்குறைய ஒரே கனத்தில் விழுந்தாக வேண்டும். ஒரு துண்டின் நடுப்பகுதிவரை சூடு போய்ச் சேர எடுக்கும் நேரம் அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் சுமார் நான்கு மடங்காகும். கோணல்மாணலாக நறுக்கிய அவியலில் பாதி குழைந்தும் பாதி வேகாமலும் கிடந்தால் அடுப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒருவர் புதிதாகக் குடித்தனம் வைக்கிறார் என்று கொள்வோம். கடையிலும் இணையத்திலும் அவர் முன் வந்து நிற்பவை மரக்கட்டையில் செருகிய ஆறு கத்தி செட், எட்டுக் கத்தி செட். அவர் முதலில் வாங்க வேண்டியது தீட்டுகல் என்பது என் வாதம். அந்தக் கல்லில் தன் கையாலேயே கூராக்கிக்கொள்ளக்கூடிய கத்தி எதுவோ, அதுதான் அவருக்குத் தரமான கத்தி. விலையும் பிராண்டும் எண்ணிக்கையும் அதற்கு அப்புறம்.

கூர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். கத்தியின் இரண்டு பக்கங்களும் சந்திக்கிற கோட்டை நம் ஊரில் வாய் என்கிறோம். அந்த வாய் எவ்வளவு மெல்லியது என்பதே கூர். தலைமுடியின் கனம் 50 முதல் 100 மைக்ரான். நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கும். மழுங்கியதில் அது பத்து, இருபது என்று போகும். கை கொடுக்கும் விசை அதேதான். அது பரவுகிற பரப்பு பத்து மடங்கு கூடினால் அழுத்தம் பத்தில் ஒன்றாகிவிடும். தக்காளித் தோல் கிழிவதற்குப் பதில் குழிவதன் காரணம் இதுதான். வெங்காயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கண்ணீர் வரவழைக்கும் வேதிப்பொருள் வெங்காயத்தில் முன்கூட்டியே இருப்பதில்லை. செல்கள் உடைந்த பிறகுதான் நொதிகள் அதை உண்டாக்குகின்றன. அதற்குக் காரணமான குறிப்பிட்ட நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் அடையாளம் கண்டார்கள். 2025-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெங்காயத்தை வெட்டும் கணத்தை அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார்கள். மழுங்கிய கத்தி தோலை அறுக்குமுன் அழுத்தி வளைக்கிறது. வளைந்த தோல் உள்ளே அழுத்தத்தைச் சேர்த்து வைத்து, கிழியும்போது சாற்றைத் துளித்துளியாக மேலே பீய்ச்சுகிறது. கூரான கத்தியில், நிதானமாக வெட்டும்போது, துளிகளின் எண்ணிக்கையும் வேகமும் குறைந்தன. அரைக் கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து நறுக்கிவிட்டு மூக்கை உறிஞ்சுகிறவர்கள் இனி வெங்காயத்தை மட்டும் திட்ட முடியாது.

கூர் பாதிக் கதைதான். அழுத்துவதற்கும் இழுத்து அறுப்பதற்கும் உள்ள வேறுபாடு மீதிக் கதை. மெல்லிய கம்பியால் ஜெல்லியை வெட்டும் சோதனைகளை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2012-ல் வெளியிட்டார்கள். நேராக அழுத்தும்போது தேவைப்படும் விசையைவிட, அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் இழுக்கும்போது மிகக் குறைந்த அழுத்தத்திலேயே வெட்டு தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்பே, 2004-ல், பாலாடைக்கட்டியை வெட்டிப் பார்த்த பொறியாளர்களும் இதையே கணக்காகச் சொன்னார்கள்: இழுப்பு கூடக் கூட அழுத்தம் குறையும். இந்த இயற்பியலைத் தரையில் உட்காரவைத்த கருவி ஒன்று நம்மிடம் எப்போதோ இருந்தது. அரிவாள்மனை, பேச்சுவழக்கில் அருவாமனை. பலகையிலிருந்து எழும்பி வளைந்து நிற்கிற அலகின் மேல் காயைத் தள்ளும்போது, வளைவின் காரணமாகவே காய் அலகின் நீளத்தில் சறுக்குகிறது. அறுப்பவர் தனியாக நினைத்துச் செய்ய வேண்டியதில்லை. இழுப்பு தானாகவே கிடைத்துவிடுகிறது. வாழைத்தண்டை வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையில் நாரை விரலில் சுற்றி எடுக்கிற வேலையை இதில் பார்த்தால் புரியும்: இரண்டு கையும் காயிடமே இருக்கின்றன, கத்தி பிடிக்க ஒரு கையை இழக்கவில்லை. வங்காளத்தின் போட்டியும் கர்நாடகத்தின் ஈளிகெ மணெயும் மகாராஷ்டிரத்தின் விளியும் இதன் உறவுக்காரர்கள்தான்.

அரிவாள்மனையின் இன்னொரு அனுகூலம் அதிகம் பேசப்படுவதில்லை. அதன் வாய் எதன் மேலும் மோதுவதில்லை. காயைக் கடந்ததும் காற்றுதான். கத்தியோ ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் பலகையில் இடிக்கிறது. ஒரு வேளைச் சமையலுக்கு நூற்றுக்கணக்கான இடிகள். காய் கத்தியை மழுக்குவதைவிட அடியில் இருப்பதுதான் அதிகம் மழுக்குகிறது. இன்றைய சமையல் மேடைகள் பெரும்பாலும் கிரானைட். அதிலுள்ள குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. கத்தி உருக்கு அதைவிடச் சற்றுக் கீழே. மேடைமேல் நேராகவோ எவர்சில்வர் தட்டிலோ தக்காளி நறுக்குகிறவர் எவ்வளவு விலையுள்ள கத்தி வாங்கினாலும் ஒரு வாரத்தில் அதைச் சாதாரணமாக்கிவிடுவார். கண்ணாடிப் பலகை பார்க்க அழகு, கத்திக்கு எமன். மரப்பலகையில் கிருமி தங்குமே என்பார்கள். 1990-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளிவர் குழு இதைச் சோதித்தது. மரத்துக்குள் இறங்கிய பாக்டீரியாக்கள் மேலே திரும்பி வராமல் உள்ளேயே மடிந்தன. கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையைக் கழுவிச் சுத்தமாக்குவதுதான் கடினமாக இருந்தது. கறிக்கடைக்காரர் புளியங்கட்டையை விடாமல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. கறிக்கும் காய்க்கும் தனித்தனிப் பலகை, கழுவியதும் நிறுத்திவைத்துக் காயவிடுவது, இரண்டும் கடைப்பிடித்தால் போதும்.

இனி இரும்புக்கு வருவோம். குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அங்கிருந்து கடல் நோக்கிப் போகும் வழியில் தாமிரபரணிக் கரையில் இருப்பது ஆதிச்சநல்லூர். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அங்கே அகழ்ந்தபோது தாழிகளோடு இரும்புக் கருவிகளும் ஏராளமாகக் கிடைத்தன. இந்த ஆற்றுப் படுகைக்கு இரும்பு புதிதல்ல. பிற்காலத்தில் தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்த உருக்கில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கார்பன் இருந்தது. அதை ஐரோப்பியர்கள் ஊட்ஸ் என்றார்கள். மின்சாரத்தில் பெயர் பெறுவதற்கு முன்பே மைக்கேல் ஃபாரடே 1819-ல் இதை ஆராய்ந்து எழுதினார். அந்த ஆராய்ச்சியைத் தொடர அவருக்குத் துணையாக இருந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் தொழிலில் கத்தி செய்பவர். ஊட்ஸ் உருக்கில் அடித்த டமாஸ்கஸ் வாள்களின் அலையலையான கோலம் இப்போது இணையத்தில் விற்கும் மலிவு விலைக் கத்திகளில் லேசரால் பொறிக்கப்பட்டு வருகிறது. கோலம் இருக்கிறது, உருக்கு இல்லை. காசைக் கொடுக்குமுன் இதை நினைவில் வைப்பது நல்லது.

கார்பன் ஏன் முக்கியம்? இரும்பை 800 பாகை செல்சியசுக்கு மேல் பழுக்கக் காய்ச்சினால் கார்பன் அணுக்கள் இரும்பணுக்களுக்கு இடையே கரைந்துவிடும். மெதுவாக ஆறவிட்டால் அவை பிரிந்து வெளியேறிவிடும், இரும்பு மிருதுவாகவே இருக்கும். சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த நெருக்கடியில் பிறக்கும் கட்டமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர்; கடினமானது, ஆனால் கண்ணாடி போல் உடையும். பிறகு 200 பாகை அளவில் மறுபடி சூடாக்கினால் உடையும் தன்மை தணியும். கொல்லர் பதம் பார்ப்பது என்பது இந்த இரண்டு படிகளையும் கண்ணாலும் கையாலும் அளப்பதுதான். துருப்பிடிக்காத உருக்கின் கதை வேறு. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் அரிக்காமலிருக்க வழி தேடியபோது, சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கு கறுக்காததைக் கவனித்தார். அதில் கத்தி செய்யச் சொன்னபோது ஊர்க் கத்திக்காரர்கள், வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தார்களாம். புது உருக்குக்கு உரிய பதம் பிடிபட்ட பிறகே கேலி அடங்கியது.

இங்கேதான் வாங்குபவர் ஏமாறும் இடம். எவர்சில்வர் பாத்திரத்துக்கு உகந்த உருக்கு, கடைக்காரர் பெருமையோடு 304 என்று சொல்வது, குரோமியமும் நிக்கலும் நிறைந்தது. சாம்பார் வாளிக்கு அது அருமை. ஆனால் அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் மார்ட்டென்சைட் உருவாகாது; கத்திக்கு வேண்டிய கடினம் வரவே வராது. கத்திக்கு வேண்டியது நிக்கல் குறைந்து, கார்பன் போதுமான அளவு இருக்கிற வேறு வகை. வேறுபடுத்திப் பார்க்க ஒரு காந்தம் உதவும். கடினமாக்கக்கூடிய உருக்கில் காந்தம் பளிச்சென்று ஒட்டும். 304-ல் ஒட்டாது, தகடாக உருட்டி அடித்திருந்தால் லேசாக ஒட்டலாம். காந்தம் ஒட்டுவதால் மட்டும் கத்தி நல்லதாகிவிடாது, ஒட்டாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். ஜெர்மன் பாணிக் கத்திகள் 55 முதல் 58 வரை; அவற்றில் சுமார் அரை சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம். ஜப்பானியக் கத்திகள் பல 60-ஐத் தாண்டும்.

அப்படியானால் எண் பெரிதாக இருப்பதை வாங்கலாமே என்று தோன்றும். கத்தி எப்படி மழுங்குகிறது என்று பார்த்தால் அந்த ஆசை குறையும். 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், உருக்கைவிட ஐம்பது மடங்கு மிருதுவான முடி எப்படி சவரக்கத்தியைப் பாழாக்குகிறது என்று மின்னணு நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தார்கள். தேய்மானம் முக்கியக் காரணமாக இல்லை. முடி சாய்வான கோணத்தில் வந்து, வாயில் ஏற்கெனவே இருக்கிற ஒரு நுண்ணிய பழுதின் ஓரத்தில் பட்டால், அங்கே விசை குவிந்து சில்லு பெயர்கிறது. சமையலறையில் இதற்கு இரண்டு முகங்கள். மிருதுவான கத்தியின் வாய் மடங்கிக்கொள்ளும். மிகக் கடினமானதன் வாய் சில்லு விடும். மடங்கியதைக் கல்லில் நாலு இழுப்பில் நிமிர்த்தலாம். சில்லு விட்டதைச் சரிசெய்ய, சில்லின் ஆழம்வரை மொத்த வாயையும் தேய்த்து இறக்க வேண்டும். நம் ஆட்கள் கத்தியை வெட்ட மட்டுமா பயன்படுத்துகிறார்கள்? சேனையில் பாதி இறங்கிய கத்தியைத் திருகி நெம்புவார்கள், தேங்காய்ச் சில்லைக் கெல்லி எடுப்பார்கள், டப்பா மூடியைத் திறப்பார்கள். பக்கவாட்டு விசைக்கு 62 எண் கத்தி சற்றும் ஏற்றதல்ல. பீங்கான் கத்தியோ கீழே விழுந்தால் துண்டாகும், மழுங்கினால் வீட்டில் தீட்டுவது எளிதல்ல. 56-ஐ ஒட்டிய சாதாரணக் கடினமே இங்குள்ள கைப்பழக்கத்துக்கும் இங்கே கிடைக்கும் கல்லுக்கும் ஒத்துப்போகும்.

குற்றாலச் சாரல் காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும். அதனால் கார்பன் உருக்குக் கத்தியும் கொல்லர் அடித்த அரிவாள்மனையும் துருப்பிடித்துப் போகுமே, எவர்சில்வர்தானே ஒரே வழி என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் துருப்பிடிக்காதது என்ற பெயரை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கத்தி உருக்கில் குரோமியத்தின் ஒரு பகுதியைக் கார்பன் தன்னோடு இழுத்துக் கட்டிக்கொள்வதால், காக்கும் படலம் பாத்திரத்தில் இருக்கிற அளவு உறுதியாக இருப்பதில்லை. உப்பும் புளியும் ஒட்டிய கத்தியை ராத்திரி முழுவதும் தொட்டியில் ஊறப்போட்டால் அதிலும் புள்ளி விழும். கார்பன் உருக்கின் உண்மையான தொந்தரவு வேறு. வாழைக்காய், வாழைப்பூ போன்றவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீலமாகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல் அது. மாதக்கணக்கில் புழங்கிய பிறகு அலகின் மேல் ஒரு கருமை படிந்து, அதன்பின் இந்தக் கறை வெகுவாகக் குறையும். பளபளக்கத் தேய்த்துக் கழுவுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் அந்தப் பாதுகாப்பைக் கலைத்துக்கொண்டிருக்கிறார்கள். கழுவித் துடைத்து, சில நாள் புழங்காமல் வைப்பதென்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். துடைக்கிற பொறுமை இல்லாத வீட்டில் எவர்சில்வர் கத்தியே சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தரும் கத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டையில் 0.6 சதவீதம் அளவு கார்பன் இருக்கும்; வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த உருக்கு, எளிதில் உடையாது. வெட்டுக்கத்திக்கும் அரிவாள்மனைக்கும் இதைவிட நல்ல மூலப்பொருளை அந்த விலையில் தேடிப் பிடிக்க முடியாது. குறை பதத்தில்தான் வரும்: ஒரு கத்தி நன்றாக அமையும், அடுத்தது சற்று மிருதுவாகப் போகும். அடித்தவர் பக்கத்திலேயே இருப்பதால் திருப்பிக் கொண்டுபோய்ப் பதம் போடச் சொல்லலாம் என்பது எந்த நிறுவனத்தின் உத்தரவாதச் சீட்டிலும் இல்லாத வசதி.

செட்டுக்கு வருவோம். அதில் ரொட்டி அறுக்கும் ரம்பக் கத்தி இருக்கும். நாம் வாங்கும் ரொட்டி பெரும்பாலும் அறுத்தே வருகிறது. எலும்பு பிரிக்கும் கத்தி இருக்கும். அந்த வேலையைக் கறிக்கடைக்காரர் முடித்துத் தருகிறார். அளவு மட்டும் மாறி ஒரே வேலைக்கான இரண்டு மூன்று இருக்கும். மொத்த விலையை எட்டாகப் பங்கிட்டுத்தான் உருக்கு வாங்கியிருப்பார்கள், அதனால் நல்ல உருக்கு எதிலும் இருக்காது. அதே பணத்தில் 16 அல்லது 18 சென்டிமீட்டர் அலகுள்ள ஒரு கத்தி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கத்தி, ஒரு கல் வாங்கிவிடலாம். தேங்காய்க்கும் பலாவுக்கும் வெட்டுக்கத்தி வீட்டில் ஏற்கெனவே இருக்கும். தரையில் உட்கார முழங்கால் ஒத்துழைத்தால் அரிவாள்மனை. ஒத்துழைக்காவிட்டால் அதைக் கட்டாயப்படுத்துவதில் அர்த்தமில்லை, சிறு குழந்தைகள் தவழும் வீட்டிலும் அப்படியே. கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது அடித்துச் செய்ததா, தகட்டிலிருந்து வெட்டி எடுத்ததா என்ற பேச்சைவிடக் கனத்தைக் கவனிக்கலாம். வாயிலிருந்து அரை சென்டிமீட்டர் மேலே அலகு எவ்வளவு தடிமன்? சேனையிலும் பூசணியிலும் கத்தி சிக்கிக்கொள்வது பெரும்பாலும் கூர் இல்லாததால் நடப்பதில்லை; அலகின் தடித்த பகுதி ஆப்புபோல் இறுகுவதால் நடக்கிறது. வாயை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தால், மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாய்க்கு ஒளியைத் திருப்ப இடமே இல்லை.

கல்லுக்கு அதிகம் செலவில்லை. கார்போரண்டம் கல் என்று இரும்புக் கடையில் கேட்டாலே தருவார்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை. சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த அந்தப் பொருள் எந்தக் கத்தி உருக்கையும்விடக் கடினம். கொஞ்சம் நுணுக்கம் வேண்டுபவர்கள் ஆயிரம் என்று எண் போட்ட தண்ணீர்க்கல் வாங்கலாம். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை கோணம் போதும். நாலரை சென்டிமீட்டர் அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் தூக்கினால் அது 16 பாகை. அந்தத் தூக்கலை மாற்றாமல் ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்க விளிம்பில் விரலில் உணரக்கூடிய மெல்லிய பிசிறு எழும். வாய் முழுவதும் பிசிறு எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்ததாகக் கணக்கு. பிறகு மறுபக்கம், கடைசியில் அழுத்தாமல் மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறை நீக்குவது. தினசரி நிமிர்த்தலுக்குப் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத வளையம் போதும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம்; தண்ணீரில் தொட்டுத்தொட்டுப் பிடிக்கச் சொல்ல வேண்டும். பொறி பறக்கும்போது மெல்லிய வாய் நொடியில் சூடேறி, 200 பாகையில் போட்ட பதத்தைத் தாண்டிவிடும். வாயில் நீலம் பூத்திருந்தால் 300 பாகையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அந்த இடம் மிருதுவாகிவிட்டது, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

மிச்சமிருப்பது பயம். கூரான கத்தி கையை வெட்டிவிடுமே என்று மழுங்கலையே பாதுகாப்பாக நினைக்கும் வீடுகள் உண்டு. 2003-ல் அமெரிக்காவில் இறைச்சி வெட்டும் தொழிலாளர்களின் கத்திப்பிடியில் அளவுகருவி பொருத்திச் சோதித்தார்கள். மழுங்கிய கத்தியில் பிடியின் இறுக்கமும் வெட்டும் விசையும் கூடின, வேலை முடியும் நேரமும் நீண்டது. விசை கூடும்போதுதான் கத்தி வழுக்குகிறது. முருங்கைக்காய்த் தோலில் வழுக்கிய கத்தி போய் நிற்கிற இடம் பெரும்பாலும் அடுத்த கையின் பெருவிரல். ஆனால் எதிர்வாதத்தையும் முழுதாக ஒதுக்க முடியாது. வருடக்கணக்கில் மொண்ணைக் கத்தியை ஓங்கி அழுத்திப் பழகிய கையில் திடீரென்று கூரானது வந்தால் முதல் சில நாள் ஆபத்துதான். கை பழைய விசையையே கொடுக்கும். அந்த நாட்களில் முதலில் தக்காளி, கத்தரிக்காய் என்று இளகிய காய்களில் கையைப் பழக்கிவிட்டு, சேனையைக் கடைசியாக எடுப்பது நல்லது. நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டு கத்தியைத் தீட்டி முடிக்க, உலையில் போட்ட அரிசி வேகிற நேரம்கூட ஆகாது. எட்டுக் கத்தி வைத்திருப்பவருக்குத்தான் ஒரு மத்தியானம் வேண்டும்.